குழந்தையின் தலையில் பொருக்கும் பொடுகும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 6 வாரம் ஆகிறது. உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று பொருக்குத் தட்டியிருக்கிறது. தினமும் தலைக்கு ஊற்றித்தான் குளிப்பாட்டுகிறோம். சரியாகத் தேய்க்காததால் வந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. நீங்கள் எப்படிக் குளிப்பாட்டியிருந்தாலும் இது வந்திருக்கும். மருத்துவர்கள் க்ரேடில் கேப் என்று சொல்வது இதைத்தான். பிறந்த சில வாரங்களில் தொடங்கும். முதல் 3 மாதங்களில்தான் அதிகம் தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

வயிற்றில் இருந்தபோது தாயின் உடலிலிருந்து குழந்தைக்குப் போன ஹார்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்ச நாள் வேலை செய்கின்றன. அவற்றால் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் தேவைக்கு மேல் சுரக்கின்றன. அந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடம் தலை. உதிர வேண்டிய பழைய செல்கள் இந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து பொருக்காகின்றன. இன்னொரு பங்காளியும் உண்டு. மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை வகை, கிட்டத்தட்ட எல்லா மனிதர்களின் தோலிலும் குடியிருப்பது. அதற்குக் கொழுப்புதான் சாப்பாடு. தோலின் எண்ணெயை அது உடைக்கும்போது மிஞ்சும் சில கொழுப்பு அமிலங்கள் தோலை உறுத்த, தோல் இன்னும் வேகமாகச் செதில் விடுகிறது.

அழுக்கும் இல்லை, தொற்றும் இல்லை. குழந்தைக்கு இதனால் வலியோ பெரிய அரிப்போ கிடையாது. நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கினால், பொருக்கைப் பார்த்துச் சங்கடப்படுவது பெரியவர்கள் மட்டும்தான். எதுவும் செய்யாமல் விட்டாலும் தவறில்லை. பொருக்கு தடித்துப் போனாலோ, துர்வாடை வந்தாலோ, சுற்றிலும் சிவந்தாலோ எடுப்பது நல்லது.

கேள்வி: எடுப்பதென்றால் எப்படி? எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம், என்ன பிரஷ்? எல்லாரும் "எண்ணெய் தடவி ஊறவையுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அங்கே நிறுத்துவதால்தான் பல வீடுகளில் பொருக்கு போக மாட்டேன் என்கிறது. இங்கே எண்ணெய் மருந்தல்ல, பொருக்கை இளக்கிக் கொடுக்கும் பொருள் மட்டுமே. இளகிய பிறகு அதைத் தலையில் விட்டுவைக்கக் கூடாது. அதனால் தடவுவதைவிடக் கழுவுவதற்கு அதிகக் கவனம் வேண்டும்.

குளிப்பாட்டுவதற்கு 15 – 20 நிமிடம் முன்பு தொடங்குங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெய் தாராளம். அதை நேராகத் தலையில் ஊற்றாமல் உங்கள் உள்ளங்கையில் விட்டு, விரலில் தொட்டுத் தொட்டு வையுங்கள். தலையில் ஊற்றினால் வழிந்து கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். மூக்கு வழியாக எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அது வேறு பெரிய தொல்லை. பொருக்கு இருக்கும் இடத்தில் மட்டும், விரலின் சதைப் பகுதியால் ஒரு நிமிடம் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் போதும். நகம் படக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். வெளிறி, காய்ந்து கிடந்த பொருக்கு எண்ணெயை இழுத்துக்கொண்டு நிறம் மங்கி, கசங்கிய காகிதம்போல ஓரங்களில் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். அதுதான் பதம். அப்போது மென்மையான குழந்தை பிரஷ்ஷால், அழுத்தாமல், ஓரத்திலிருந்து மெல்ல வருடுங்கள். பிரஷ் போதுமான மென்மையா என்று பார்க்க, உங்கள் முன்கையின் உட்புறத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அந்த பிரஷ் வேண்டாம். தூக்கிக்கொண்டிருக்கும் செதில் தானாக வந்தால் வரட்டும். ஒட்டிக்கொண்டிருப்பதை இன்று விட்டுவிடுங்கள்.

அடுத்து ஷாம்பூ. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணெய்த் தலையில் முதலில் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், எண்ணெய் அப்படியே இருக்கும். மாறாக, பட்டாணி அளவு வாசனையில்லாத பேபி ஷாம்பூவைக் கையில் எடுத்து, சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, எண்ணெய்த் தலையிலேயே தடவுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து நுரைக்க வையுங்கள். ஒரு நிமிடம் நுரை இருக்கட்டும். அலசிவிட்டு இன்னொரு முறை. முதல் முறை நுரையே வராமல் போனால் பயப்பட வேண்டாம், எண்ணெய் இருப்பதால்தான். இரண்டாவது முறை நன்றாக நுரைக்கும். தண்ணீர் 37 – 38 டிகிரி செல்சியஸ், அதாவது முழங்கையை நனைத்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். நெற்றியில் உங்கள் கையை அணைபோல வைத்துக்கொண்டு, பின்பக்கமாக வழியும்படி ஊற்றுங்கள்.

துவட்டிய பிறகு ஒரு சோதனை: உலர்ந்த வெள்ளைத் துணியையோ டிஷ்யூ தாளையோ உச்சந்தலையில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய்த் திட்டு தெரிந்தால் கழுவியது போதவில்லை. தலை முழுதாக உலர்ந்ததும் மறுபடி ஒருமுறை பிரஷ் செய்தால் மிச்சமிருக்கும் தூள் வந்துவிடும்.

பொருக்கு தடிமனாக இருந்தால் முதல் வாரம் தினமும் இதைச் செய்யலாம். தோல் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். பொருக்கு போனபின் வாரத்துக்கு 2 – 3 முறை ஷாம்பூ மட்டும் போதும், எண்ணெயை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் தலையைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். படிந்ததே பல வாரங்களாக. போவதற்கும் சில நாள் கொடுங்கள்.

கேள்வி: மூன்று வாரமாக இரவில் ஆலிவ் எண்ணெய் தடவிக் காலையில் துடைத்துவிடுகிறோம். குறையவே இல்லை, கூடியிருக்கிறது என்றே தோன்றுகிறது. எண்ணெயை மாற்ற வேண்டுமா?

எண்ணெயையும் மாற்றுங்கள், முறையையும் மாற்றுங்கள். முறைதான் முக்கியம்.

மேலே சொன்ன மலசீசியாவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், ஏறத்தாழ 11 முதல் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் அதற்கு உதவுகின்றன. நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் தாவர எண்ணெய்களில் பெரும்பாலும் இருப்பவை இந்த நீளத்தில்தான். ஆலிவ் எண்ணெயில் பாதிக்கும் மேல் ஓலிக் அமிலம், அதாவது 18 கார்பன். அதோடு, ஓலிக் அமிலம் தோலின் மேற்பாதுகாப்புப் படலத்தையும் தளர்த்தக்கூடியது. ஆக, இரவு முழுவதும் ஈஸ்ட்டுக்கு விருந்து வைத்துவிட்டு, காலையில் கழுவாமல் துடைக்கிறீர்கள். கூடாமல் என்ன செய்யும்?

தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் 12 கார்பன். அதுவும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது என்றாலும், 15 நிமிடம் வைத்து நன்றாகக் கழுவினால் பிரச்சினை வராது. ஈஸ்ட்டுக்கு உணவாகாதவை மினரல் ஆயிலும் பெட்ரோலியம் ஜெல்லியும். கையில் இருப்பதில் வாசனையும் நிறமும் சேர்க்காத மினரல் ஆயில் இருந்தால் முதல் தேர்வு அதுதான். "பேபி ஆயில்" என்று விற்பவற்றில் சில மினரல் ஆயில், சில தாவர எண்ணெய். பலவற்றில் வாசனையும் சேர்த்திருப்பார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இரவு முழுவதும் ஊறவைத்தே ஆக வேண்டிய அளவுக்குத் தடித்த பொருக்கு என்றால், பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய பூச்சாகத் தடவலாம். ஆனால் அது லேசில் கழுவுப்படாது, காலையில் இரண்டு மூன்று முறை ஷாம்பூ போட வேண்டியிருக்கும். எண்ணெய் பூசிய தலைக்கு மேல் குல்லா போட்டு மூடாதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம், குழந்தைக்கு வியர்க்குருவும் வரும்.

தவிர்க்க வேண்டிய எண்ணெய்களையும் சொல்லிவிடுகிறோம். கடுகு எண்ணெய் பச்சிளம் தோலை எரிக்கும். கடலை எண்ணெயால் ஒவ்வாமை ஆபத்து. தோல் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும் இடத்தில் உணவுப் புரதம் பட்டால், உடல் அதைப் பகையாகப் பார்க்கப் பழகிவிட வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு, வினிகர், தயிர், சமையல் சோடா, தேன், டீ ட்ரீ ஆயில்... இவற்றில் எது நல்லது?

எதுவும் வேண்டாம். ஆனால் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எலுமிச்சைச் சாறின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 2. பெரியவர்களின் விரல் வெட்டில் பட்டாலே காந்துகிறது. தடவிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும்கூட வரலாம். வினிகரும் அமிலம்தான், தண்ணீர் கலந்து தடவலாம் என்பவர்கள் அளவைச் சொல்வதில்லை, பச்சிளங் குழந்தைகளுக்குத் தோல் புண்ணான சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. சமையல் சோடா எதிர்த் திசையில் தவறு: தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5 அளவில் இருக்க வேண்டும். சோடா 8-க்கு மேல். பொருக்கு இளகும், கூடவே தோலின் காப்பும் இளகும்.

தயிரில் பால் புரதம் இருக்கிறது. கடலை எண்ணெய்க்குச் சொன்னதே இதற்கும்.

தேன்தான் இந்தப் பட்டியலில் அதிகம் பயப்பட வேண்டியது. ஒரு வயது முடியாத குழந்தையின் வாய்க்குள் தேன் போகவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். தலையில்தானே தடவுகிறோம் என்று நினைக்காதீர்கள். தலையில் இருப்பது கைக்கு வரும், கையில் இருப்பது வாய்க்கு வரும்.

டீ ட்ரீ ஆயில் உறுத்தும், ஒவ்வாமை உண்டாக்கும், விழுங்கினால் நஞ்சு. கற்பூரம் சேர்ந்த எண்ணெயோ தைலமோ குழந்தைக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில்தான் அதற்கு இடம்.

தாய்ப்பாலைத் தடவலாமா என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அதில் கொழுப்பும் சர்க்கரையும் இருக்கின்றன, காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கு அதைக் குடிக்கக் கொடுப்பதே உத்தமம்.

கேள்வி: உச்சிக்குழி மேலேயே பொருக்கு இருக்கிறது. அங்கே கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பலர் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விடுவதால்தான் அங்கே பொருக்கு மலைபோல ஏறி நிற்கிறது. உச்சிக்குழிக்கு அடியில் மூளையை மூடிக்கொண்டு உறுதியான சவ்வு இருக்கிறது. விரல் சதையால் மென்மையாகத் தடவுவதோ, மெத்தென்ற பிரஷ்ஷோ அதை ஒன்றும் செய்யாது. அழுத்தாமல் இருந்தால் சரி. முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும்.

கேள்வி: செதிலோடு முடியும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த இடம் வழுக்கையாகிவிடுமா?

ஆகாது. அது எப்படியும் உதிரப்போகிற முடி, மறுபடி முளைக்கும். ஆனால் காய்ந்த பொருக்கை நகத்தால் பிய்த்து எடுத்திருந்தால் அடியில் தோல் கிழிந்து நீர் கசியும். அங்கே கிருமி புகுந்து சீழ் வைக்கலாம். எண்ணெய் வைக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: முடியை மழித்துவிட்டால் பொருக்கும் போய்விடுமா?

போகாது. பொருக்கு தோலில் இருக்கிறது, முடியில் இல்லை. பொருக்கின் மேல் கத்தி ஓடினால் கீறல்தான் மிச்சம்.

கேள்வி: தலையில் குறைந்துவிட்டது. இப்போது புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் வந்திருக்கிறது. கழுத்து மடிப்பு சிவந்து ஈரமாக இருக்கிறது.

எண்ணெய்ச் சுரப்பி அதிகமுள்ள எல்லா இடத்துக்கும் இது போகும்: புருவம், மூக்கின் பக்கங்கள், காதுமடலின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, டயப்பர் படும் இடம். தலையில் பொருக்காகத் தெரிவது மடிப்புகளில் பொருக்கில்லாமல் பளபளப்பான சிவப்பாகத் தெரியும். அங்கே எப்போதும் ஈரம் இருப்பதால் செதில் நிற்பதில்லை.

புருவத்துக்குப் பஞ்சு முனையில் ஒரு சொட்டு மினரல் ஆயில், 10 நிமிடம் கழித்து வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இமை ஓரத்தில் செதில் இருந்தால் எண்ணெய் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால், கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு.

கழுத்து மடிப்பில் எண்ணெயே கூடாது. வழிந்த பாலும் வியர்வையும் தேங்கும் இடம் அது. தண்ணீரால் கழுவி, மடிப்பை விரித்து, துணியால் ஒற்றி, காற்றில் இரண்டு நிமிடம் உலரவிடுங்கள். பவுடர் போடாதீர்கள்: ஈரத்தோடு குழைந்து மடிப்புக்குள் உறுத்தும், தூள் மூச்சில் போகும். சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்ததுபோல இருந்தால் கேண்டிடா பூஞ்சையும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பூஞ்சைக் களிம்பு வேண்டும்.

கேள்வி: எனக்குப் பொடுகு உண்டு. என் சீப்பிலிருந்து குழந்தைக்கு ஒட்டியிருக்குமா? நான் சாப்பிடுவதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒட்டவில்லை, மாற்ற வேண்டாம். தனிச் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள், அது பேனுக்காக.

கேள்வி: பையனுக்கு 4 வயது. தலையில் வெள்ளையாக உதிர்கிறது. நான் போடும் பொடுகு ஷாம்பூவையே கொஞ்சமாகப் போடலாமா?

போடும் முன் ஒரு கேள்வி: அது உண்மையில் பொடுகா?

முதல் வயதில் வேலை செய்த அந்த ஹார்மோன்கள் அடங்கியதும், எண்ணெய்ச் சுரப்பிகளும் ஏறக்குறைய பருவ வயதுவரை ஓய்வில் இருக்கும். அதனால் 2 வயதுக்கும் 9 – 10 வயதுக்கும் இடையில் உண்மையான பொடுகு அரிது. இந்த வயதில் தலையில் ஏதாவது உதிர்ந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். உதிர்வதைத் தட்டிப் பாருங்கள். முடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உருவினால்தான் வருகிறது என்றால் அது ஈர். தட்டினால் மாவுபோலக் கொட்டி, தோலில் சிவப்பே இல்லையென்றால் வறட்சி, இல்லையேல் சரியாக அலசாத ஷாம்பூவின் படிவு. வட்டமாக முடி குறைந்து, முடி வேர் அருகில் ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் தலைப் படர்தாமரை. பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் அடிக்கடி வருவது அதுதான். அது மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். அதற்குக் களிம்போ ஷாம்பூவோ மட்டும் போதாது, பூஞ்சை முடிக்குழிக்குள் இருப்பதால் பல வாரங்கள் வாய்வழி மருந்து தேவை. பொடுகென்று நினைத்துப் பல மாதம் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, முடி கொட்டிய பிறகு வருபவர்கள் உண்டு.

பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவில் சாலிசிலிக் அமிலம், தார், செலீனியம் சல்ஃபைடு போன்றவை இருக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைகளுக்குத் தோல் பரப்பு அதிகம். தோல் வழியே உள்ளே போகும் அளவும் அதிகம். குறிப்பாக சாலிசிலிக் அமிலம் கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. மருத்துவர் சொல்லாமல் எதையும் போட வேண்டாம்.

கேள்வி: இது வெறும் பொருக்கா, கரப்பானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

முதலில் குழந்தையைப் பாருங்கள், பிறகு தோலைப் பாருங்கள். க்ரேடில் கேப் உள்ள குழந்தை சொறிந்துகொள்ளாது. கரப்பான், அதாவது எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் தூக்கமே கெடும். தலையணையிலும் உங்கள் தோளிலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கரப்பான் பெரும்பாலும் 3 மாதத்துக்குப் பிறகு, கன்னத்திலும் கை கால்களின் வெளிப்புறத்திலும், வறண்டு சொரசொரவென்று தொடங்கும். டயப்பர் படும் இடத்தை விட்டுவைக்கும். க்ரேடில் கேப்போ மடிப்புகளைத் தேடிப் போகும். இரண்டும் ஒரே குழந்தைக்கு வருவதும் உண்டு என்பதால், சந்தேகமிருந்தால் காட்டிவிடுவதே சரி.

2 – 3 வாரம் முறையாகக் கழுவியும் குறையாவிட்டால், முகத்துக்கும் உடம்புக்கும் பரவினால், தேன் நிறத்தில் காய்ந்த பொருக்கோ, சீழோ, ரத்தமோ தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். உடம்பு முழுவதும் சிவந்து உரிவது, விடாத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமல் இருப்பது ஆகியவை சேர்ந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருக்குக்கு நடுவில், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். அரிதான சில நோய்கள் இந்த வேடத்தில் வரும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் தோலைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மருத்துவர் கீட்டோகொனசோல் ஷாம்பூவும் ஒரு ஸ்டீராய்டு களிம்பும் எழுதியிருக்கிறார். ஸ்டீராய்டு என்றதும் தயக்கம். ஷாம்பூவைப் போட்டதும் கழுவிவிடுகிறோம், பலனும் இல்லை.

பலன் இல்லாததற்குக் காரணம் போட்டதும் கழுவியதுதான். பேபி ஷாம்பூ எண்ணெயை எடுக்க. இது ஈஸ்ட்டைக் குறைக்க. அதற்குத் தோலில் கொஞ்ச நேரம் இருந்தாக வேண்டும். பொதுவாக வாரத்துக்கு 2 முறை, நுரையை 3 – 5 நிமிடம் தலையில் விட்டு அலசச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. அந்த நேரம் முழுக்கக் குழந்தையை மடியில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நுரை கண்ணுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது "கண்ணெரியாத" ஷாம்பூ அல்ல. பொருக்கு தடித்திருந்தால் முந்தின நாள் எண்ணெய் வைத்துக் கழுவிச் செதிலை எடுத்துவிடுங்கள். பொருக்குக்கு மேல் போட்ட மருந்து அடியில் உள்ள தோலுக்குப் போகாது.

களிம்பு 1 சதவீத ஹைட்ரோகார்டிசோனாக இருந்தால், ஸ்டீராய்டுகளில் மிக மென்மையான வகை அது. சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிய பூச்சாக, சொன்ன நாள்வரை போட்டால் பயமில்லை. தவறு நடப்பது சிவப்பு மறைந்த பிறகும் மாதக்கணக்கில் தடவும்போதும், அடுத்த முறை வேறு யாருக்கோ எழுதிய வீரியமான களிம்பை எடுத்துப் போடும்போதும்தான். தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். டயப்பர் இடுக்கில் போடச் சொல்லியிருந்தால் நாள் கணக்கை இன்னும் கறாராகப் பாருங்கள், ஏனென்றால் டயப்பர் மூடியிருக்கும் இடத்தில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும்.